தண்ணீர் கடைமடைக்கு வந்ததா? கல்லூரிப் படிப்பு குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களோ சேர்க்கையை விட்டுவிட்டு, சேர்ந்த பிள்ளை மூன்று ஆண்டுகளில் என்ன கற்றது, கற்கவில்லை என்றால் யாரைக் கேட்பது என்றே பெரும்பாலும் கேட்கின்றன. 29 ஆண்டுகள் டெல்டாவின் அரசுக் கல்லூரிகளில் பொருளியல் நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கேள்விகளில் பாதி என்னையும் நோக்கியவைதாம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் தருகிறோம்.

என் மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறினாள். வங்கித் தேர்வுக்காகக் கும்பகோணத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். முதல் வாரமே சதவீதக் கணக்கும் வட்டிக் கணக்கும் பிடிபடவில்லை என்று கண்கலங்கி வந்து நிற்கிறாள். மூன்று வருடம் கணக்கையே படித்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு எப்படி வராமல் போகும்? கல்லூரியைக் கேட்கலாமா?
— ஒரு விவசாயி, பாபநாசம் வட்டம்

கேட்கலாம். அதற்கு முன், அந்த முதல் வகுப்பு எப்படிக் கிடைத்தது என்று நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் மகள் மேல் இருக்கும் வருத்தம் அதில் பாதி குறைந்துவிடும்.

நம் வட்டாரத்தில் பல பட்டப்படிப்புகளுக்குப் பழகிப்போன வினாத்தாள் அமைப்பைச் சொல்கிறேன். ஒரு பாடத்தில் 5 அலகுகள். எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண். எல்லோரும் 'இன்டர்னல்' என்று சொல்லும் அகமதிப்பீட்டுக்கு 25. எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் அலகுக்கு 2 வீதம் 10 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். இரண்டாம் பகுதியில் அலகுக்கு ஒன்றாக 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' போட்டு இன்னொரு வினா, தலா 5 மதிப்பெண். மூன்றாம் பகுதியில் அலகுக்கு ஒன்றாக 5 பெரிய வினாக்கள் இருக்கும். ஏதேனும் 3 எழுதினால் போதும், தலா 10 மதிப்பெண். இப்போது ஒரு மாணவி 2 அலகுகளைத் திறந்தே பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 அலகுகளிலிருந்து முதல் பகுதியில் 12, இரண்டாம் பகுதியில் 15, மூன்றாம் பகுதியில் முழுதாக 30, ஆக 57 மதிப்பெண்ணுக்கு அவளால் விடை எழுத முடியும். அதில் முக்கால் பங்கு வாங்கினால் 43. அகமதிப்பீட்டில் கைபழகியபடி 22 போட்டுவிடுவார்கள். 65 ஆயிற்று, 60 வந்தாலே முதல் வகுப்பு. ஐந்தில் இரண்டு பங்கு பாடத்தைத் தொடாமலே முதல் வகுப்பில் தேற முடியும் என்பதை மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். வினாத்தாள் அமைப்பை வகுத்த பாடத்திட்டக் குழுவினருக்கும் அது தெரியும்.

படித்த 3 அலகுகளிலும் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு விடைத்தாளைச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டு முகாமில் ஒரு வேளைக்கு முப்பது தாள் என்ற வேகத்தில் திருத்திக்கொண்டிருந்தபோது, தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) பற்றிய 10 மதிப்பெண் வினாவுக்கு ஒரு மாணவர் அழகான கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். நடுவில் 'மேலே உள்ள வரைபடத்திலிருந்து தெரிய வருவது யாதெனில்' என்று ஒரு வரி. மேலே வரைபடம் எதுவும் இல்லை. கைடில் இருந்த வரியை வரைபடம் இல்லாமல் மனப்பாடம் செய்து இறக்கி வைத்திருக்கிறார். நான் அதற்கு 7 போட்டேன். தலைப்புகள் இருந்தன, அடிக்கோடு இருந்தது, வரையறை சரியாக இருந்தது. விடைக்குறிப்பின்படி 7 வந்தது. அந்த மாணவருக்கு நெகிழ்ச்சி என்றால் என்ன என்று தெரியாது என்பது அன்று எனக்குத் தெரிந்தும் நான் போட்ட எண் அது.

உங்கள் மகளின் சதவீதக் கணக்குக்கு வருகிறேன். பட்டப்படிப்பின் கணிதம் இயற்கணிதம், நுண்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு என்று மேலே மேலே போகிறது. அடியில் இருக்க வேண்டிய எண்கணிதம் வரும்போதே இருந்ததா என்று சேர்க்கை நாளில் எந்தக் கல்லூரியும் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறோம், சாதிச் சான்றிதழைப் பார்க்கிறோம், மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு ஆண்டுக்கு 180 கற்பித்தல் நாள்களைக் கேட்கிறது, செமஸ்டருக்கு 90. சேர்க்கை ஆகஸ்ட் வரை இழுத்துக்கொண்டு போகிற ஆண்டில், நவம்பர் மழை விடுமுறையும் சேர்ந்துகொண்டால், முதல் செமஸ்டரில் அந்த 90 எங்கே மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடித்தளத்தைச் சரிசெய்ய வேண்டிய செமஸ்டரே மிகவும் சுருங்கிய செமஸ்டராக இருக்கிறது.

நீங்கள் விவசாயி என்பதால் ஒன்று சொன்னால் உடனே விளங்கும். ஜூன் 12 அன்று மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தியில் வரும். கல்லணையில் பூத்தூவி எந்தெந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரித்தார்கள் என்பதும் வரும். கடைமடை வயலுக்கு வந்ததா என்பதை வரப்பில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். உயர்கல்வியில் நாம் இதுவரை திறந்துவிட்ட கன அடியை மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம்: எத்தனை கல்லூரி, எத்தனை இடம், எத்தனை பேர் தேர்ச்சி. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய சாதனை. சேர்ந்தவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு இப்படி ஒரு எண்ணைச் சொல்ல நம்மிடம் அளவை கிடையாது.

நீங்கள் செய்யக்கூடியது: துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டாமல், உங்கள் மகளுக்கு நேர்ந்ததை அப்படியே எழுதி, முதலாண்டு மாணவருக்கு அடிப்படைக் கணிதம் சோதிக்கப்படுகிறதா, பின்தங்கியவருக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அப்படி ஒரு கடிதம் என் பணிக்காலத்தில் எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. வந்திருந்தால் துறைக் கூட்டத்தில் அதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்க முடியாது. மகளுக்கு ஏழு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிக் கணக்குப் புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள். பட்டம் பெற்ற பெண் என்பதால் மூன்று மாதத்தில் முடித்துவிடுவாள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கல்லூரி வாசலில் 'நாக்' அமைப்பு 'ஏ' தரம் வழங்கியதாகப் பெரிய பதாகை இருக்கிறது. எங்கள் துறையிலோ இரண்டு பேப்பருக்கு இந்த செமஸ்டர் முழுக்க ஆசிரியரே இல்லை. அந்த 'ஏ' எதற்குக் கொடுத்தது?
— ஒரு மாணவர், நாகப்பட்டினம் மாவட்டம்

'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 1994இல் தொடங்கப்பட்டது; தலைமையகம் பெங்களூரு. கல்லூரியை 7 தலைப்புகளில் எடை போட்டு எழுத்தால் தரம் கொடுத்து வந்தது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் மொத்தம் 1000 புள்ளியில் 350 கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு. கேட்க நன்றாகவே இருக்கிறது. அந்த 350க்குள் போய்ப் பார்த்தால் மாணவர்–ஆசிரியர் விகிதம், ஆசிரியர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், இறுதியாண்டுத் தேர்ச்சி விகிதம் என்ற கணக்குகள் இருக்கும். தேர்ச்சி விகிதம் எப்படி உருவாகிறது என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

கற்றல் விளைவு என்று ஒரு தலைப்பும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் 'இதைப் படித்தவர் இன்னது செய்ய வல்லவராவார்' என்று நான்கைந்து வாக்கியம் எழுத வேண்டும். பிறகு அந்த வல்லமையை எத்தனை பேர் அடைந்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். யோசனையில் குறை சொல்ல முடியாது. நான் துறைப் பொறுப்பாளராக இருந்தபோது இதை எப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்ணையும் எக்செல் அட்டவணையில் ஏற்றினேன். எந்த வினா எந்த விளைவுக்கு உரியது என்று இரண்டு இரவு உட்கார்ந்து பின்னோக்கிப் பொருத்தினேன். '3க்கு 2.4' என்று அடைவு வந்தது. வரைபடம் இல்லாத அந்த விடைத்தாளின் 7 மதிப்பெண்ணும் 'மாணவர் நெகிழ்ச்சிக் கருத்தைப் பயன்படுத்த வல்லவர்' என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தோம். ஆய்வுக் குழுவில் வந்தவர் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆய்வுக் குழு வருவதற்கு முன் கல்லூரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையடிப்பார்கள், கழிவறைக்குக் கதவு வரும், மரக்கன்றுகளுக்குத் தாவரவியல் பெயர் எழுதிய பலகை முளைக்கும். மாணவரோடு கலந்துரையாட நேரம் ஒதுக்கப்படும். யார் பேச வேண்டும் என்பது முந்தைய நாளே முடிவாகியிருக்கும். இது நேர்மையான கல்லூரிகளில் நடப்பது. நேர்மையற்ற இடத்தில் எதுவரை போகும் என்பதை 2025 பிப்ரவரியில் எல்லோரும் செய்தியில் படித்தோம்: ஆந்திரத்திலுள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் கைமாறியதாக வழக்குப் பதிந்து, ஆய்வுக் குழுத் தலைவர் உட்பட 10 பேரை சி.பி.ஐ. கைது செய்தது. எழுத்துத் தரத்தை விட்டுவிட்டு, அங்கீகாரம் உண்டா இல்லையா என்ற முறைக்கு மாறப்போவதாக 2024லேயே அறிவிப்பு வந்திருந்தது. எழுத்து போனாலும் பதாகை போகாது என்பது என் எண்ணம்.

உங்கள் கல்லூரியின் 'ஏ' பொய் என்று நான் சொல்லவில்லை. நூலகம், ஆய்வகம், நிர்வாகம், ஆவணப் பராமரிப்பு இவற்றுக்கெல்லாம் அது பொருந்தியிருக்கலாம். ஆசிரியர் வராத அந்த இரண்டு பேப்பரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதற்கு எந்த வழியில் போக வேண்டும் என்பதைக் கீழே மயிலாடுதுறை மாணவிக்கான பதிலில் எழுதியிருக்கிறேன், அதுவே உங்களுக்கும்.

பட்டம் முடிக்கும் எல்லா மாணவருக்கும் மாநிலம் முழுக்க ஒரே பொதுத் தேர்வு வைத்து, கல்லூரி வாரியாக முடிவை வெளியிட்டுவிட்டால் எந்தக் கல்லூரி எப்படி என்று தெரிந்துபோகுமே? வெளிநாடுகளில் இப்படி இல்லையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

இருக்கிறது, ஐயா. அதில் கிடைத்த அனுபவமும் இருக்கிறது. பிரேசில் 1996இல் பட்டம் முடிக்கும் மாணவர்களுக்கு தேசிய அளவில் ஒரு தேர்வைக் கொண்டுவந்தது. கல்லூரியை எடைபோட எங்களை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று மாணவர் சங்கம் புறக்கணிப்பு அறிவிக்க, வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. 2004இல் அந்தத் தேர்வை மாற்றியமைத்தார்கள், இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 1979லேயே அரசுக் கல்லூரிகளுக்கான நிதியில் ஒரு சிறு பங்கை விளைவோடு இணைத்தது. 2006இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் அமைத்த ஆணையம், மாணவர் கற்றலை அளந்து வெளியிட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. 2011இல் இரண்டு சமூகவியலாளர்கள் 24 நிறுவனங்களில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குச் சேர்ந்தபோது ஒரு தேர்வும் இரண்டாண்டு முடிவில் அதே வகைத் தேர்வும் வைத்துப் பார்த்ததில், 45 சதவீதம் பேரிடம் சிந்தனைத் திறனிலோ எழுத்துத் திறனிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று கண்டார்கள். அங்கே பெரும் விவாதம் நடந்தது. ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் 17 நாடுகளில் இப்படி ஓர் அளவீட்டை முன்னோட்டமாக நடத்திப் பார்த்தது. நாடுகளுக்குள் ஒத்த கருத்து வராததால் முழு ஆய்வாக அது வளரவில்லை.

அந்த 2011 ஆய்வில் நமக்கு முக்கியமானது 45 என்ற எண்ணைவிட, ஒரே மாணவரை இரண்டு முறை அளந்தார்கள் என்பதுதான். நீங்கள் சொல்லும் பொதுத் தேர்வில் வாசலை விட்டுப் போகும்போது மட்டும் எடை போடுகிறோம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதம் தாண்டினால் திருப்பிவிடுகிறார்கள். ஈரம் பார்க்காமல் எடையை மட்டும் எழுதினால் அதில் நெல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? திருச்சியில் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து தொண்ணூறு சதவீதத்தோடு வரும் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் கல்லூரி, பொதுத் தேர்வில் முதலிடம் பெறும். வேதாரண்யம் பக்கத்தில் உப்பளத் தொழிலாளியின் பிள்ளை, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர், நாற்பதில் உள்ளே வந்து அறுபதில் வெளியே போவார். அந்தக் கல்லூரி பட்டியலின் அடியில் நிற்கும். முதல் கல்லூரி எதைச் சேர்த்தது, இரண்டாவது எதைச் சேர்த்தது என்று பட்டியல் சொல்லாது. அடுத்த ஆண்டு அந்த இரண்டாவது கல்லூரியின் முதல்வர் என்ன செய்வார் என்பதும் ஊகிக்கக் கூடியதே. நாற்பது வாங்கியவரைச் சேர்ப்பதைத் தவிர்க்கப் பார்ப்பார். அரசுக் கல்லூரி எதற்காகத் திறக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும்.

ஆகவே என் வாக்கு இரட்டை எடைக்குத்தான். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம்: தமிழில் ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதுவது, ஒரு எளிய அட்டவணையைப் படித்துச் சொல்வது, அடிப்படைக் கணக்கு. ஐந்தாம் செமஸ்டரில் அதே போன்ற இன்னொரு தேர்வோடு துறைசார்ந்த ஒரு பணி. மதிப்பெண் மாணவரின் சான்றிதழில் ஏறக் கூடாது. ஏறினால் அடுத்த மாதமே அதற்கும் கைடு வந்துவிடும். கல்லூரி வாரியாக வரிசை போடவும் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் பழைய எண்ணோடு தன் புதிய எண்ணை ஒப்பிட்டு ஆட்சிமன்றத்திடமும் பெற்றோரிடமும் விளக்கம் சொல்ல வேண்டும். மதிப்பெண் ஏறாத தேர்வை மாணவர் அக்கறையாக எழுதுவாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருக்கிறது. விடைத்தாளைத் திருத்தி, எங்கே தடுமாறுகிறார் என்று குறிப்போடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தால் எழுதுவார் என்பது வகுப்பறையில் நான் கண்டது.

தேர்வே வேண்டாம் என்ற பக்கமும் நாம் போய்ப் பார்த்தாகிவிட்டது. 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டியவர்களின் அரியர் பாடங்களுக்கெல்லாம் தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தபோது ஊருக்கு ஊர் சுவரொட்டி ஒட்டினார்கள். தேர்வு நடத்தாமல் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது என்று உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு சொல்லிவிட்டது.

கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் ஆசிரியரையே பார்க்கிறார்கள். நான் முனைவர் பட்டம் பெற்று 11 ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. என்னிடம் எதற்குப் பொறுப்புக் கேட்கிறீர்கள்?
— ஒரு கௌரவ விரிவுரையாளர், திருத்துறைப்பூண்டி

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தகுதி பெற்ற விருந்தினர் ஆசிரியருக்கு, அதாவது உங்களைப் போன்ற தற்காலிக ஆசிரியருக்கு, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதில் பாதிதான் உங்கள் கைக்கு வருகிறது. உங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து, வாரத்துக்கு அதே 16 மணி நேரம் எடுக்கும் நிரந்தரப் பேராசிரியர் உங்களைப்போல் பல மடங்கு வாங்குகிறார், நானும் வாங்கினேன். மே மாதம் உங்களுக்குச் சம்பளம் இல்லை, ஜூனில் மறுபடி வருவீர்களா என்பதும் உறுதியில்லை. மூன்றாண்டுக்கு ஒரு மாணவரைப் பின்தொடர்ந்து பார்க்கும் பொறுப்பை, அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியாத ஒருவர் தோளில் வைப்பது முறையாகாது.

பொறுப்பு என்பது மேலிருந்து கீழே மட்டும் ஓடும் வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டதால் வந்த வினை இது. காலிப் பணியிடத்தை நிரப்பாத அரசு, தேர்வு முடிவு மோசம் என்று கல்லூரி முதல்வரைக் கேட்கிறது. முதல்வர் துறைத்தலைவரை, துறைத்தலைவர் உங்களை. எதிர்த்திசையில் கேட்க ஒரு படிவமும் கிடையாது. என்னிடம் அதிகாரம் இருந்தால், ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரந்தரமாக நிரப்பியது எத்தனை என்றும் அச்சிட வைப்பேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன், மன்னியுங்கள். அகமதிப்பீட்டில் வகுப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு 22 போடும் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. என் கையிலும் இருந்தது. 25,000 சம்பளத்துக்கு நீங்கள் அரசிடம் கோபப்படலாம். அந்த 22ஐ அரசு போடச் சொல்லவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாத கல்லூரி மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

அரசுப் பல்கலைக்கழகம், தேர்வு வாரியம் என்றால் அந்த வழி அநேகமாக அடைபட்டதாகவே கொள்ளுங்கள். தேர்வு நடத்தும் வாரியம் 'சேவை' விற்கவில்லை என்று 2009இலும், மாணவர் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் அல்லர் என்று 2010இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வாங்குபவர், விற்பவர் என்ற உறவாக வகுப்பறையை ஆக்கிவிட்டால், பணம் கட்டியவர் தேர்ச்சியைக் கேட்பார். கற்பித்தலைக் கேட்க மாட்டார்.

மூன்றாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் மூன்று முறை எழுதியும் போகவில்லை. நன்றாக எழுதினேன் என்று நிச்சயமாகத் தெரியும். அந்தப் பாடத்துக்கு வகுப்பும் சரியாக நடக்கவில்லை. துறையில் கேட்டால் "ரீவேல்யுவேஷன் போடும்மா" என்கிறார்கள். என் விடைத்தாளை நானே பார்க்க முடியுமா?
— ஒரு மாணவி, மயிலாடுதுறை

முடியும். தேர்வு எழுதியவருக்குத் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடைத்தாளைப் பாதுகாக்க வேண்டிய காலம் முடிந்து அழித்துவிட்டால் கேட்க முடியாது. ஆகவே முடிவு வந்தவுடனே விண்ணப்பியுங்கள். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி இந்த 30 நாளுக்காகக் காத்திருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். அந்த விண்ணப்பத்தைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

வகுப்பு நடக்காததற்கும் இதே சட்டம் உதவும், கேட்கத் தெரிந்தால். 'ஏன் வகுப்பு நடக்கவில்லை' என்று எழுதினால், காரணம் கூறுவது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் பதில் வரும். இந்த செமஸ்டரில் எங்கள் துறைக்கு நடந்த வேலை நாள்கள் எத்தனை, இந்தப் பாடக் குறியீட்டுக்கு வகுப்பு ஒதுக்கப்பட்ட ஆசிரியரின் வகுப்புப் பதிவேட்டின் நகல், மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் அரியர் இல்லாமல் முடித்தவர் எத்தனை பேர் என்று ஏட்டில் இருப்பதைக் கேளுங்கள். ஏட்டில் இருப்பதை இல்லை என்று சொல்ல முடியாது; ஏட்டிலேயே இல்லை என்றால் அந்தப் பதிலே உங்களுக்கு ஒரு சாட்சி.

இன்னொரு வாசலும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது பரிந்துரை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 'ஓம்புட்ஸ்பர்சன்' எனப்படும் குறைகேள் அலுவலரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தனியாகப் போகாதீர்கள். வகுப்பில் ஐந்தாறு பேர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒரு பெண்ணின் புகாரை 'அரியர் வைத்தவள் பேச்சு' என்று ஒதுக்குவது எளிது, ஆறு பேருடையதை ஒதுக்குவது கடினம். புகாரின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க மறக்க வேண்டாம்.

மதிப்பெண்ணால் கல்லூரியை அளப்பதும் மாணவரை அளப்பதும் வீண் என்பதற்கு எங்கள் ஊர் ராமானுஜனைவிடச் சான்று வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார் என்பது உண்மை. ஆனால், அதிலிருந்து அளவீடே வீண் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். அவருடைய குறிப்பேட்டை உட்கார்ந்து பார்த்த ஒரு கண் அன்று அந்தக் கட்டடத்துக்குள் அதிகாரத்தில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தவிர, ராமானுஜன்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் எப்படியாவது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். வரைபடம் இல்லாமல் வரைபடத்தைப் பற்றி எழுதிய அந்த மாணவருக்குக் கடிதம் எழுத எந்த முகவரியும் தெரியாது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மகள் இரண்டாமாண்டு பி.காம். படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் வருகை சதவீதத்தைச் சொல்வார்கள், கையெழுத்து வாங்குவார்கள், அனுப்பிவிடுவார்கள். என்னைப்போன்றவள் என்ன கேட்க முடியும்?
— ஒரு தாய், திருவையாறு

போங்கள், அம்மா. 75 சதவீத வருகை இருக்கிறதா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் இரண்டு கேள்வி கேட்டால் போதும். என் மகள் இந்த செமஸ்டரில் தானாக யோசித்து எழுதியது ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்பது ஒன்று. போன வருடத்தைவிட எதில் தேறியிருக்கிறாள், எதில் அப்படியே நிற்கிறாள் என்பது மற்றொன்று. பாடப்பெயர் எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மகளைப் பேர் சொல்லி அறிந்த ஆசிரியர் என்றால் பதில் உடனே வரும். மதிப்பெண் ஏட்டைத் தேட ஆரம்பித்தால் அதிலேயே உங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

கூட்டத்துக்குப் போகும் முன் வீட்டில் ஒன்றைப் பாருங்கள். செமஸ்டர் முடிந்ததும் மாணவர் எழுதிக் கொடுத்த அசைன்மென்ட் கட்டுகளைத் துறையில் பழைய பேப்பருக்கு எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம். அப்படிப் போகும் முன் தன்னுடையதை வாங்கி வரும்படி மகளிடம் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் ஒரு 'டிக்'கும் கடைசிப் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பமும் தவிர, நடுவில் எங்காவது சிவப்பு மை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அதைப் பார்க்க எட்டாம் வகுப்புப் படிப்பு தாராளம்.